பேலன்ஸ் ஷாஃப்ட் கழற்றப் போகிறீர்களா? முதலில் எண்ணெய் ஓட்டையைப் பாருங்கள்

இன்ஜினை இறக்கி, பிரித்து, பிளாக்கைக் கழுவி மேஜைமேல் வைத்திருக்கும்போதுதான் எல்லோருக்கும் இந்த யோசனை வரும். எப்படியும் பிரித்தாகிவிட்டது, இன்ஜின் உதறலை அடக்கச் சுற்றும் இந்த பேலன்ஸ் ஷாஃப்ட் இரண்டையும் தூக்கிவிட்டால் என்ன? தூக்கலாம். ஷாஃப்டை உருவுவது பெரிய வித்தை இல்லை, போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். ஆனால் அந்த ஷாஃப்ட் ஓடிக்கொண்டிருந்த பேரிங்குகளுக்கு எண்ணெய் வந்துகொண்டிருந்தது இல்லையா, அது ஷாஃப்ட் போனபின்னும் வந்துகொண்டேதான் இருக்கும், தடுக்க ஆள் இல்லாமல் நேராகச் சம்புக்குள், அதாவது இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டிக்குள், கொட்டும். இந்த வேலையில் இன்ஜின் கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான். அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் எண்ணெய் ஓட்டை பற்றித்தான் பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உதாரணத்துக்கு மிட்சுபிஷியின் 4ஜி63 இன்ஜினை எடுத்துக்கொள்கிறேன். இரண்டு லிட்டர், நான்கு சிலிண்டர். இந்த வேலை அதிகமாக நடக்கும் இன்ஜின்களில் அது ஒன்று, அதன் அமைப்பைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிது.

முதலில், இந்த ஷாஃப்ட் எதற்காக இருக்கிறது?

நான்கு சிலிண்டரில் இரண்டு பிஸ்டன் மேலே போகும்போது இரண்டு கீழே வருகின்றன, அதனால் கணக்கு சரியாகிவிடும் என்றுதான் தோன்றும். முக்கால்வாசி சரியாகும், முழுதாக ஆகாது. 4ஜி63-இல் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம், 88 மி.மீ., பிஸ்டனைக் கிராங்கோடு (இன்ஜினின் சுற்றும் தண்டு) இணைக்கும் கனெக்டிங் ராட் 150 மி.மீ. பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது கிராங்கை கால் சுற்று சுற்றினால் பிஸ்டன் சரிபாதி, அதாவது 44 மி.மீ. இறங்கும் என்று நினைப்போம். கணக்குப் போட்டுப் பார்த்தால் சுமார் 50.6 மி.மீ. இறங்கியிருக்கும், அடுத்த கால் சுற்றுக்கு மிச்சம் 37.4 தான். ராட் சாய்ந்து நிற்பதால் வரும் வித்தியாசம் இது. மேல் பாதியில் இருக்கும் ஜோடியும் கீழ் பாதியில் இருக்கும் ஜோடியும் ஒரே வேகத்தில் போவதில்லை, ஆகவே ஒன்றை ஒன்று முழுதாகச் சரிக்கட்டுவதும் இல்லை. மிச்சம் நிற்கும் அந்த உதறல் கிராங்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை பிளாக்கை மேலும் கீழும் ஆட்டும். அதனால்தான் பேலன்ஸ் ஷாஃப்டுகள் கிராங்கைப்போல இரண்டு மடங்கு வேகத்தில், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்றுகின்றன. கிராங்க் நிமிடத்துக்கு 7000 சுற்றில் ஓடினால் ஷாஃப்ட் 14,000-இல்.

இன்னொன்று, இந்த உதறல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 3000-இல் இருப்பதைப்போல நான்கு மடங்கு 6000-இல் இருக்கும். ஐடிலில் வண்டி நின்றபடி ஓட்டிப் பார்த்துவிட்டு "ஒண்ணுமே தெரியல" என்று சொல்பவர்கள் நெடுஞ்சாலைக்குப் போனபின் பேசட்டும்.

யோசனை பழையது. 1904-இல் பிரிட்டிஷ் பொறியாளர் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் கண்டுபிடித்தது. 1970-களில் மிட்சுபிஷி இதைச் செம்மைப்படுத்தி சைலன்ட் ஷாஃப்ட் என்று பெயர் வைத்தது, பிறகு போர்ஷே நிறுவனமே தன் 944 காருக்கு அந்த உரிமத்தை வாங்கிப் பயன்படுத்தியது. ஆக இது ஏதோ தேவையில்லாமல் திணித்த இரும்பு இல்லை. தெரிந்து எடுங்கள்.

சரி, அப்படியென்றால் ஏன் எடுக்க வேண்டும்? 4ஜி63-இல் ஒரு ஷாஃப்டை ஓட்டுவது தனியான ஒரு சின்ன பெல்ட். அது பெரிய டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. சின்னது அறுந்தால் அதன் துண்டு பெரிய பெல்ட்டுக்குள் சிக்கி, டைமிங் தவறி, வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். ஒரு மலிவான பெல்ட்டுக்காக மொத்த ஹெட்டும் போகும். இதுதான் நியாயமான முதல் காரணம். இரண்டாவது, பிளாக்கில் இருக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட் பேரிங் ஏற்கெனவே தேய்ந்திருந்தாலோ சுழன்றுபோயிருந்தாலோ சரிசெய்வதைவிட எடுப்பது சுலபம். மூன்றாவது, சுற்றும் எடை குறைவதால் இன்ஜின் கொஞ்சம் சுறுசுறுப்பாக ஏறும். பவர் எகிறும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

குடும்பத்தோடு தினமும் ஓட்டும் வண்டி, சொகுசுதான் முக்கியம் என்றால் வேண்டாம், புது பெல்ட்டும் புது பேரிங்கும் போட்டு அப்படியே மூடுங்கள். 2.3, 2.4 லிட்டர் என்று பெரிய நான்கு சிலிண்டர் என்றால் இன்னும் ஒருமுறை யோசியுங்கள், பிஸ்டனும் ஸ்ட்ரோக்கும் பெரிதாகப் பெரிதாக உதறலும் பெரிதாகும். மூன்று சிலிண்டர் இன்ஜினில் இருக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட் வேறு கதை, அது கிராங்கின் அதே வேகத்தில் சுற்றி இன்ஜின் முன்னும் பின்னும் ஊஞ்சல்போல ஆடுவதைத் தடுக்கிறது. அதில் கை வைக்காதீர்கள்.

உதறுகிறது என்பதற்காகவே எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஷாஃப்ட் இருந்தும் வண்டி உதறினால், முன்பு யாரோ டைமிங் பெல்ட் மாற்றும்போது ஷாஃப்டைத் தப்பான கோணத்தில் வைத்திருக்கலாம். 4ஜி63-இல் ஆயில் பம்ப் பல்சக்கரத்தின் குறி நேராக இருந்தாலும் அந்தப் பம்போடு சேர்ந்து சுற்றும் பின் ஷாஃப்ட் தலைகீழாக நிற்க வாய்ப்பு உண்டு. பிளாக்கின் பக்கத்தில் ஒரு பிளக் இருக்கும், அதைக் கழற்றி 8 மி.மீ. தடிமன் உள்ள ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டுப் பாருங்கள். 60 மி.மீ.க்கு மேல் போனால் ஷாஃப்ட் சரியாக இருக்கிறது. 20, 25 மி.மீ.யிலேயே இடித்தால் தப்பு, பம்ப் சக்கரத்தை ஒரு சுற்று சுற்றி மறுபடி பார்க்க வேண்டும். இதைச் சரிசெய்தாலே பாதிப்பேருடைய பிரச்சினை தீர்ந்துவிடும்.

அப்புறம் இந்த அரைகுறை வைத்தியம். சின்ன பெல்ட்டை மட்டும் கழற்றிவிட்டு, ஷாஃப்டுகளை அப்படியே உள்ளே விட்டு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். முன் ஷாஃப்ட் நின்றுவிடும், பின் ஷாஃப்ட் ஆயில் பம்போடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டும் சேர்ந்து ஓடும்போது பக்கவாட்டு இழுப்பை ஒன்றுக்கொன்று ரத்து செய்துகொள்ளும், ஒன்று மட்டும் ஓடினால் அந்த இழுப்பு பிளாக்கை இடமும் வலமும் ஆட்டும். எடுத்தால் இரண்டையும் எடுங்கள், இல்லையென்றால் இரண்டையும் விடுங்கள்.

பெயர்க் குழப்பம் ஒன்று இருக்கிறது, பொருள் வாங்கும் முன்பே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். சர்வீஸ் மேனுவலில் இடது ஷாஃப்ட், வலது ஷாஃப்ட் என்று இருக்கும். இன்ஜின் குறுக்காக உட்காரும் வண்டிகளுக்கான கிட்டில், அதாவது ஷாஃப்ட் எடுப்பதற்கென்று விற்கும் பாகத் தொகுப்பில், முன், பின் என்று எழுதியிருப்பார்கள். வலதும் முன்னும் ஒன்று, அது சின்ன பெல்ட்டில் ஓடுவது. இடதும் பின்னும் ஒன்று, அது ஆயில் பம்பின் இரண்டாவது கியரோடு போல்ட் போட்டு இணைந்திருப்பது. கிராங்கின் ஃப்ளைவீல் முனையில் ஆறு போல்ட் உள்ள வகை, ஏழு போல்ட் உள்ள வகை என்று 4ஜி63-இல் இரண்டு உண்டு, எண்ணிப் பார்த்துவிட்டு அதற்குரிய கிட்டை வாங்குங்கள்.

வேண்டியவை: பின் ஷாஃப்டுக்குப் பதிலாகப் போடும் குட்டை ஷாஃப்ட், இதைத்தான் ஸ்டப் ஷாஃப்ட் என்பார்கள், இன்ஜினின் முன் மூடியான ஃப்ரண்ட் கேஸில் முன் ஷாஃப்ட் வெளியே வரும் ஓட்டையை அடைக்க ஒரு கப் பிளக், கிராங்கில் சின்ன பெல்ட் சக்கரம் இருந்த இடத்துக்கு ஸ்பேசர், புது பேலன்ஸ் ஷாஃப்ட் பேரிங்குகள், புது ஆயில் சீல்கள், கேஸ்கெட். பழைய ஷாஃப்டையே வெட்டி ஸ்டப் செய்துகொள்ளலாம் என்பார்கள், உண்மைதான், பலர் செய்திருக்கிறார்கள். ஆனால் வெட்டிய முனை சுத்தமாக இருக்க வேண்டும், பிசிறு இருக்கக்கூடாது, ஷாஃப்டின் நடுவில் எண்ணெய் வழி இருந்தால் அந்த முனையை அடைக்க வேண்டும். லேத் வசதி இல்லாமல் கிரைண்டரால் மட்டும் இதைச் செய்ய நினைத்தால், வேண்டாம், வாங்கிவிடுங்கள்.

கழற்றும் வரிசை

டைமிங் பெல்ட், சின்ன பெல்ட், அதன் டென்ஷனர் எல்லாம் முதலில் போகட்டும். ஆயில் பம்ப் சக்கரத்தின் நட்டைக் கழற்றும்போது சக்கரம் கூடவே சுற்றும். அதற்குத்தான் மேலே சொன்ன அந்தப் பிளக் ஓட்டை, ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டால் பின் ஷாஃப்ட் பூட்டிக்கொள்ளும், நட்டு நிதானமாக வரும். பம்பின் உள் கியரைப் பின் ஷாஃப்டோடு பிடித்திருக்கும் போல்ட்டையும் இதே பூட்டில் வைத்துத் தளர்த்துங்கள், ஸ்க்ரூடிரைவரை எடுத்தபின் ஞாபகம் வந்தால் ஒன்றும் செய்ய முடியாது. முன் ஷாஃப்டின் சக்கரத்தையும் கழற்றுங்கள். பிறகு சம்பை இறக்கி, ஃப்ரண்ட் கேஸைப் பிரித்தால் இரண்டு ஷாஃப்டும் முன்பக்கமாக நேராக வெளியே வரும். உருவும்போது பேரிங்கில் இடிக்காமல் இரு கையாலும் தாங்கி எடுங்கள், கனமானவை.

ஃப்ரண்ட் கேஸ் போல்ட்டுகள் ஒரே நீளம் இல்லை. ஒரு அட்டையில் கேஸின் வடிவத்தை வரைந்து, ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் இடத்தில் குத்தி வையுங்கள். நீளமானதைக் குட்டை ஓட்டையில் போட்டு முறுக்கினால் பிளாக்கின் மரை போய்விடும்.

இப்போது எண்ணெய் ஓட்டை

பிளாக்குக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பேலன்ஸ் ஷாஃப்ட் பேரிங் ஒவ்வொன்றிலும் ஒரு ஓட்டை தெரியும், அதன் பின்னால் பிளாக்கில் ஒரு ஓட்டை, அது மெயின் எண்ணெய்க் குழாயோடு சேரும். பேரிங் ஓட்டையும் பிளாக் ஓட்டையும் நேருக்கு நேர் இருப்பதால்தான் எண்ணெய் வருகிறது. பேரிங்கைப் புல்லர் வைத்துக் கழற்றி, கொஞ்சம் திருப்பி, ஓட்டை இல்லாத பக்கம் பிளாக் ஓட்டையின்மேல் உட்காரும்படி மறுபடி அடித்தால் அடைப்பு தயார். அவ்வளவுதான் தத்துவம். பழைய பேரிங்கையே திருப்பிப் போடலாம், ஆனால் ஒருமுறை கழற்றியது முதல்முறைபோல இறுக்கமாக உட்காராது. புதியது பெரிய செலவில்லை, புதியதையே போடுங்கள். அடிப்பதற்கு முன், ஓட்டை எந்தப் பக்கம் இருக்கிறது என்று காட்ட பேரிங்கின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்வது நல்லது, உள்ளே போனபின் எது எங்கே என்று தெரியாது.

சிலர் பிளாக் ஓட்டையிலேயே மரை வெட்டி, தலையில்லாத ஸ்க்ரூவைப் பூட்டுப்பசை தடவி இறுக்கிவிடுவார்கள். அது இன்னும் உறுதியான வழிதான். ஒரே நிபந்தனை, மரை வெட்டிய இரும்புத்தூள் ஒரு துளி கூட எண்ணெய்க் குழாயில் இருக்கக்கூடாது, குழாயின் எல்லாப் பிளக்கையும் கழற்றி பிரஷ் விட்டுக் கழுவ வேண்டும். சோம்பேறித்தனம் இருந்தால் பேரிங் திருப்பும் வழியே போதும்.

ஆனால் எல்லாவற்றையும் அடைத்துவிடாதீர்கள்! ஸ்டப் ஷாஃப்ட் பம்ப் கியரைத் தாங்கிக்கொண்டு சுற்றப்போகிறது, அது ஓடும் இடத்துக்கு எண்ணெய் கட்டாயம் வேண்டும். அடைக்க வேண்டியவை முன் ஷாஃப்டின் இரண்டு பேரிங், பின் ஷாஃப்டின் பின்முனை பேரிங். அந்த மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது. பிளாக்கின் ஆழத்தில் இருக்கும், நேராகப் பார்த்தால் தெரியாது.

என் முதல் இன்ஜினில் முன் ஷாஃப்டின் இரண்டையும் அழகாகத் திருப்பி அடைத்துவிட்டு, ஸ்டப் போட்டுவிட்டோமே என்ற திருப்தியில் அந்தப் பின்முனையை மறந்தேவிட்டேன். குளிர்ந்த இன்ஜினில் எண்ணெய் அழுத்தம் நன்றாகவே காட்டியது. சூடானதும் ஐடிலில் முள் கீழே படுத்துவிட்டது, விளக்கு மினுக் மினுக்கென்றது. பம்பைச் சந்தேகப்பட்டேன், பிக்கப் குழாயின் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட்டேன், இரண்டு முறை சம்பை இறக்கினேன். மூன்றாவது முறைதான் படுத்துக்கொண்டு கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தபோது அந்த ஓட்டை என்னைப் பார்த்துச் சிரித்தது. இன்ஜினை மறுபடி இறக்க வேண்டியதாயிற்று.

அதிலிருந்து நான் செய்யும் சோதனை இது, பத்து நிமிடம் ஆகாது. பிளாக் வெறுமையாக இருக்கும்போது மெயின் பேரிங் எண்ணெய் ஓட்டைகளை ரப்பர் கார்க்கால் அடைத்துவிட்டு, எண்ணெய்க் குழாயின் ஒரு முனையில் மெதுவாகக் காற்று விடுங்கள். ஒரு டிஷ்யூ காகிதக் கீற்றைக் கம்பியில் சொருகி ஒவ்வொரு பேலன்ஸ் ஷாஃப்ட் பேரிங் வாயிலும் பிடியுங்கள். அடைத்த இடத்தில் காகிதம் அசையக்கூடாது. ஸ்டப் ஓடும் இடத்தில் படபடவென்று ஆட வேண்டும். இரண்டையும் பாருங்கள், ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள்.

மாட்டும் வேலை

ஃப்ரண்ட் கேஸில் முன் ஷாஃப்ட் சீல் இருந்த ஓட்டையில் கப் பிளக்கைச் சீலன்ட் தடவி நேராக அடியுங்கள், சாய்ந்து போனால் எடுத்துவிட்டு வேறு புதியது. பம்ப் கியர்களையும் அவை ஓடும் சுவரையும் பார்த்துக்கொள்ளுங்கள், ஆழமான கீறல் இருந்தால் பம்பையும் மாற்றுங்கள், இவ்வளவு தூரம் வந்துவிட்டு அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். கியர்களின் நடுவே வாசலின் நிரப்பி மூடினால் முதல் ஸ்டார்ட்டில் பம்ப் வெற்றாகச் சுற்றாமல் எண்ணெயை உடனே இழுக்கும். ஸ்டப் ஷாஃப்டின் போல்ட்டை மேனுவல் சொல்லும் டார்க்கில் இறுக்கிவிட்டு கையால் சுற்றிப் பாருங்கள், இழுபடாமல் வழவழப்பாகச் சுற்ற வேண்டும்.

கிராங்கில் சின்ன பெல்ட்டின் சக்கரம் இருந்த இடத்தைச் சும்மா விடக்கூடாது. ஸ்பேசர் போடுங்கள், அல்லது அந்தச் சக்கரத்தையே அங்கே விட்டுவிடுங்கள். எதுவும் இல்லாமல் மூடினால் டைமிங் சக்கரம் அந்த அளவுக்கு உள்ளே போய், பெல்ட் கோணலாக ஓடி விளிம்பைத் தின்றுவிடும். ஒரு நல்ல செய்தி, இனி டைமிங் வைக்கும்போது ஆயில் பம்ப் சக்கரத்தின் குறியைப் பற்றிக் கவலை இல்லை, எந்த நிலையில் இருந்தாலும் சரி, ஏனென்றால் கோணம் பார்க்க ஷாஃப்டே இல்லை. ஸ்க்ரூடிரைவர் சடங்கும் முடிந்தது. பிளக்கை மட்டும் மறக்காமல் மாட்டுங்கள்.

ஷாஃப்டை எடுத்ததால் கிராங்கைத் தனியாகப் பேலன்ஸ் செய்ய வேண்டுமா என்று கேட்பார்கள். அதற்காக வேண்டியதில்லை. இந்த இன்ஜினில் கிராங்க் தன்னளவில் சமன் ஆனது, ஷாஃப்டுகள் பார்த்துக்கொண்டது அந்த இரட்டை வேக உதறலை மட்டும்தான். ஆனால் புது பிஸ்டன், ராட் போடுவதாக இருந்தால் எடை குறைந்ததாகத் தேர்ந்தெடுங்கள், மேலும் கீழும் போகும் எடை குறைந்தால் உதறலும் குறையும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர் இணைப்புகளைக் கழற்றிவிட்டு, அழுத்தம் காட்டும்வரை ஸ்டார்ட்டரில் விட்டு விட்டுச் சுற்றுங்கள். டாஷ்போர்டு விளக்கை நம்பாமல் முள் வைத்த கேஜ் ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடானபின் ஐடிலில் 80 கிலோபாஸ்கலுக்குக் கீழே போகக்கூடாது என்பது மேனுவல் கணக்கு. போனால் உடனே நிறுத்துங்கள், எண்ணெய் எங்கோ கொட்டுகிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. எண்ணெய் குடித்துக்கொண்டிருந்த பேரிங்குகளை அடைத்துவிட்டோம், பம்ப் மட்டும் அதே அளவில் தள்ளுகிறது, ஆகவே அழுத்தம் முன்பைவிடக் கூடும். கொஞ்சம் கூடினால் பரவாயில்லை. அதிக வேகத்தில் எகிறினால், மிஞ்சிய அழுத்தத்தை விடுவிக்கும் ரிலீஃப் வால்வு வழியாக எண்ணெய் திரும்பும் பாதை போதவில்லை என்று அர்த்தம், ஃபில்டர் ஹவுசிங்கில் அந்தப் பாதையைப் பெரிதாக்க வேண்டியிருக்கும். டர்போ வண்டியில் இதைக் கவனிக்காமல் விட்டால் டர்போ சீலைத் தாண்டி எண்ணெய் புகை விடும், நீங்கள் டர்போவைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். தடித்த எண்ணெய் போட்டு நிலைமையை மோசமாக்காதீர்கள்.

வேறு இன்ஜின்களில்

எல்லாம் இதே மாதிரி இல்லை. ஹோண்டா கே24-இல் பேலன்ஸ் ஷாஃப்டும் ஆயில் பம்பும் சம்புக்குள் ஒரே தொகுப்பு, ஷாஃப்ட் வேண்டாம் என்றால் கே20 வகையின் ஷாஃப்ட் இல்லாத பம்பையே மாற்றிப் போடுகிறார்கள். மஸ்தாவின் 2.3 லிட்டரில் கிராங்குக்குக் கீழே பெட்டிபோல ஒரு தொகுப்பு தொங்கும், அதைக் கழற்றிவிட்டு எண்ணெய் வரும் ஓட்டையை அடைத்தால் போதும், ஆனால் அந்தப் பெட்டி சம்பில் அடைத்திருந்த இடம் காலியாவதால் எண்ணெய் அளவைப் பழைய லிட்டர் கணக்கில் ஊற்றாமல் டிப்ஸ்டிக் பார்த்து ஊற்றுங்கள். சில இன்ஜின்களுக்கு எடை இல்லாத ஷாஃப்ட் கிடைக்கும், செயினும் எண்ணெய் வழியும் அப்படியே இருக்கும், எதையும் அடைக்க வேண்டாம். எந்த இன்ஜினாக இருந்தாலும் இரண்டு கேள்வி: ஆயில் பம்பை யார் ஓட்டுகிறார்கள்? எடுத்தபின் எண்ணெய் எங்கே வெளியேறும்? இரண்டுக்கும் பதில் தெரியும்வரை ஸ்பானரை எடுக்காதீர்கள்.

ஓட்ட ஆரம்பித்தபின், குறிப்பிட்ட சில வேகங்களில் ஸ்டியரிங்கிலும் உள் கண்ணாடியிலும் ஒரு நடுக்கம் தெரியும், கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியின் விளக்கு இரண்டாகத் தெரியும் அளவுக்கு. இன்ஜின் மவுண்ட் கம்பெனி ரப்பராகவே இருக்கட்டும், கெட்டியான பாலியூரித்தேன் போட்டால் அந்த நடுக்கம் முழுவதும் உடம்புக்குள் வரும். முதல் 500 கி.மீ.க்குப் பிறகு ஆல்டர்னேட்டர் பிராக்கெட், எக்ஸாஸ்ட் தாங்கிகள், ஹீட் ஷீல்டு, மவுண்ட் போல்ட் எல்லாவற்றையும் ஒருமுறை ஸ்பானர் வைத்துப் பாருங்கள். என் வண்டியில் முதலில் கழன்று விழுந்தது ஹீட் ஷீல்டின் சின்ன போல்ட்.

கழற்றிய ஷாஃப்டுகளை எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, படுக்கவைத்து எங்காவது எடுத்து வையுங்கள், கூடவே அந்தச் சக்கரமும் டென்ஷனரும். வண்டியை வாங்குபவர் கேட்கலாம்.